டொராண்டோவில் அஸ்தமனம் எப்போது

மார்ச் 3, காரைக்குடி

காலையிலேயே வெயில். தைக்க இரண்டு ரவிக்கை பாக்கி. அதை விட்டுவிட்டு, பக்கத்துப் பழம்பொருள் கடையில் உலக உருண்டையில் நூல் பிடித்துக்கொண்டிருந்தேன். சென்னை - டொராண்டோ. சுவர்ப்படத்தில் மேற்கே இருக்கிற ஊர். உருண்டையில் இழுத்துப் பிடித்தால் நூல் ரஷ்யாவில் ஏறி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. ஆச்சரியம்.

கடைக்காரர்: "வாங்குறீகளா, அளந்துக்கிட்டே இருக்கப் போறீகளா?"

போனில் பார்த்தது: பதிமூவாயிரம் கி.மீ. சொச்சம். மகள் பர்வீனின் பிரசவத்துக்குப் போகிறேன். என் டிக்கெட் லண்டன் வழி, இன்னும் சுற்று.

எடுத்து வைக்க: உரை மருந்து, பிள்ளைக்குப் பழைய சேலைத் துணி, ஸ்வெட்டர்.

மார்ச் 4

சாத்துக்குடியைப் பூமியாகவும் டார்ச் லைட்டைச் சூரியனாகவும் வைத்துப் பார்த்தேன். விடியலில் கிளம்பி மேற்கே பறந்தால் சூரியனும் கூடவே வரும். பகல் நீண்டுகொண்டே போகும். சென்னையில் விடியலுக்கு முன் சஹர் சாப்பிட்டு டொராண்டோவில் நோன்பு திறந்தால், கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கப் பட்டினி.

வீட்டுக்காரர்: "பயணத்துல நோன்பு கடமையில்ல. விட்டத அப்புறமா களாவாப் புடிச்சுக்கலாம்ல."

அது எனக்கும் தெரியும். போன வருஷம் பர்வீனுக்கு ஏழாம் மாசத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தப் பிள்ளை நல்லபடியாக வரும்வரை ஒரு நோன்பும் விடுவதில்லை என்று நேர்ந்திருக்கிறேன். விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 6, விமானம்

லண்டனில் இறங்கி மாறியாயிற்று. வாட்ச் இன்னும் காரைக்குடி நேரம்தான். அங்கே மஃரிப், நோன்பு திறக்கிற நேரம். விமானம் கிளம்புமுன் அவர் போன் செய்தார். "கஞ்சி குடிச்சுட்டேன். நீயும் தொறந்துரு." ஜன்னலில் உச்சி வெயில். திறக்கவில்லை.

இப்போது கடல் மேல். சூரியன் இறக்கை நுனியில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. பார்க்கப் பார்க்க அதிசயம்தான்.

கழிவறைக்குப் போகும்போது கண் இருட்டி, பணிப்பெண் தாங்கிப் பிடித்தாள். இந்த லட்சணத்தில் இறங்கி மகளுக்கு என்ன செய்யப் போகிறேன்? என்னையும் ஒரு ஆள் பார்க்க வேண்டிவரும்.

ஜூஸ் குடித்தேன். அழுகையும் வந்தது. யா அல்லாஹ், என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளை மேல் காட்டாதே.

மார்ச் 7, டொராண்டோ

பனி. உப்பளம் மாதிரி ரோடு.

நேற்று விமான நிலையத்தில் மாப்பிள்ளை மட்டும். எனக்கு உயிரே இல்லை. "மாமி, பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காக." நான் ஜூஸ் குடித்த நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால் பிறந்திருக்கிறது.

இன்று ஆஸ்பத்திரியில் பர்வீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நேர்ச்சை, ஜூஸ், எல்லாம். விட்ட நோன்பை ஊருக்குத் திரும்பும்போது விமானத்திலேயே வைக்கலாம் என்றும் சொன்னேன். கிழக்கே பறந்தால் சூரியன் எதிரே வந்து சட்டென்று விழுந்துவிடும். அரை நாள்கூடப் பட்டினி இல்லை.

"அல்லாகிட்டயே கணக்குப் பாக்குறீகளா?"

போன வருஷத்துக்கு அப்புறம் அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க வைக்காதீகம்மா, தையல் இழுக்குது."