அக்காவின் வாய்

மார்ச் 4, செவ்வாய்

பால், சோப்பு, விளக்குத் திரி, ரப்பர் ஒன்று. ரப்பரை எந்தச் செலவில் எழுதுவது? 'என் செலவு' என்று ஒரு பத்தி இதுவரை என் கணக்கில் இருந்ததில்லை. இன்று கோடு போட்டேன்.

மாலை ஓவிய வகுப்பில் பருவ முடிவு வேலை கொடுத்தார்கள். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து முகம் வரைய வேண்டும். கூடவே ஒரு பக்கம் எழுத வேண்டும். டீச்சர் பலகையில் கேள்வி எழுதினார்: 'வரைகிறவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? கண்ணில் பட்டதற்கா, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கா?' பின்வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரர், "ஃபீஸ் கட்டின பொண்டாட்டிக்கு" என்றார். எல்லோரோடும் நானும் சிரித்தேன். பஸ்ஸில் சிரிப்பு போய்விட்டது.

யாரை உட்காரவைப்பது? என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். அக்காதான். கன்னத்துக் கட்டிக்கு 18ஆம் தேதி ஆபரேஷன். அதுவரை எங்களோடு இருக்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

அக்கா நிபந்தனை போட்டாள். "இருபது வயசு குறைச்சு வரை. கட்டி இருக்கற பக்கம் வேணாம்." வலது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தாள்.

"வாயை மூடுக்கா, வாயைத்தான் வரையறேன்."

"பொறந்ததுலேருந்து யாராலயும் முடியாததக் கேக்கறே."

பிறகு, தானாகவே, பேச்சு நின்றது. உதடுகளை உள்ளே இழுத்து ஒரு ஓரத்தைக் கடித்திருந்தாள். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நான் யோசிப்பதற்குள் கை வரைந்துவிட்டது. நான் வரைந்ததிலேயே நல்ல வாய் அதுதான்.

அவள் பயந்திருந்தாள். நான் என்ன செய்தேன்? பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

கும்பிடும்போது கண்ணை மூடுகிறேன். வரையும்போது திறக்கிறேன். கடவுளே, எப்போது உனக்குப் பக்கத்தில் இருக்கிறேன்?

மார்ச் 9, ஞாயிறு

அக்கா படத்தைப் பார்த்துவிட்டாள்.

"யாருடி இது? சாவுக்கு நாள் பாத்துட்டு உக்காந்திருக்கறவளா? அழி."

"இருந்ததத்தானேக்கா வரைஞ்சேன்."

"இருக்கறதெல்லாம் எழுதி வைக்க நான் என்ன உன் மளிகைக் கணக்கா?"

சாப்பிடவில்லை. சாயங்காலம் பையில் துணி அடுக்கினாள். தான் தனியாக இருக்கும் வீட்டுக்கே போகிறாளாம், ஆஸ்பத்திரிக்கு வழி தெரியுமாம். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒரு வாய்க்காக ஒரு அக்காவை விட்டுடாதே" என்றார்.

இந்த நேரத்தில் அவள் தனியாக இருந்தால் — வேண்டாம், எழுதவே கை வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

அழித்துவிட்டேன். சிரிக்கும் வாய் வேண்டும். அக்காவைச் சிரிக்கச் சொல்ல முடியுமா? குளியலறைக் கதவைத் தாழிட்டு, கண்ணாடி முன்னால் நானே சிரித்து, பார்த்துப் போட்டேன்.

"இப்பதான் நான் மாதிரி இருக்கு" என்றாள். பையிலிருந்து துணி வெளியே வந்தது.

இன்று பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பொய் சொல்ல முடியுமா? முடிந்ததே.

மார்ச் 11, செவ்வாய்

டீச்சர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கண்ணும் மூக்கும் ஒருத்தரோடது. வாய் உங்களோடதும்மா."

"கூடப் பொறந்தவங்கதானே, இரவல் வாங்கியிருப்பாங்க" என்றார் தபால்காரர்.

மார்ச் 13, வியாழன்

டாக்டரிடம் போனோம். கட்டி நினைத்ததைவிட ஆழமாம். ஒரு நரம்பை வெட்ட வேண்டியிருக்கும். "வாய் ஒரு பக்கம் கோணிக்கும். பழைய மாதிரி வராதுன்னே வச்சுக்குங்க."

"சாப்பிடலாமா?" என்றாள் அக்கா.

"சாப்பிடலாம்."

"பேசலாமா?"

"பழகினா பேசலாம்."

"அப்ப போதும்."

வீட்டுக்கு வந்து அவள் படுத்ததும் ஆல்பங்களை எடுத்தேன். கல்யாணப் படத்தில் குனிந்திருக்கிறாள். மற்றதிலெல்லாம் வாய்மேல் கை, இல்லையென்றால் முந்தானை. முன்பல் எடுப்பு என்று சின்ன வயதிலிருந்தே மறைப்பாள். ஒன்றில்கூட அந்த வாய் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் இருந்தது. என் தாளில். நானே, என் செலவில் வாங்கின ரப்பரால் — ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! அவ கேட்டான்னு கொடுத்துட்டேனே. கேட்டதெல்லாம் கொடுக்கறதா அன்பு?

மார்ச் 14, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நினைவிலிருந்து மூன்று முறை வரைந்து பார்த்தேன். மூன்றும் பொம்மை வாய்.

காலையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அக்கா, அந்தப் படத்துல இருக்கறது உன் வாய் இல்ல. என்னோடது."

"தெரியும்டி. நாப்பத்தஞ்சு வருஷமா பாக்கற வாயி." சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்னோடத வரை. நாளன்னைக்கு இது இருக்காது."

"எப்படி வரையட்டும்?"

"என்னைக் கேட்டுட்டா அன்னைக்கு வரைஞ்சே?"

முகத்தை நேராக வைத்தாள். கை மடியில் கிடந்தது. பல் தெரிந்தது. மேலுதட்டின் நடுவில் ஒரு சின்னத் தழும்பு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

"பயமா இருக்காக்கா?"

"ஆமா. வரை."

பாதியில் பென்சிலை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விட்டாள். பிறகு, "வாய் ஆறிடப்போகுது, வரைடி" என்றாள்.

ரப்பரைத் தொடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தா. உள்ளே கொண்டுபோய் நேரமாகிறது. கண்ணை மூடப் பிடிக்கவில்லை. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

டீச்சருக்கு எழுத வேண்டிய பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு பென்சில் வாங்கினேன். வீட்டுச் செலவில் எழுதியிருக்கிறேன்.

கட்டுப் பிரித்தார்கள். இடது உதட்டோரம் கீழே தொங்குகிறது. நர்ஸ் கண்ணாடி கொண்டுவந்தாள், அக்கா தள்ளிவிட்டாள். சொற்கள் குழைந்து வந்தன. என்னைப் பார்த்து, "மொதல்ல நீ பாரு" என்றாள்.

பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

தலையணையைச் சரிசெய்து சாய்ந்தாள். அன்று காட்ட மாட்டேன் என்ற பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"வரை. இந்தத் தடவையும் உன் வாயை ஒட்டி வெச்சே, கொன்னுடுவேன்."