இடக்கைக் கிட்டார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம் என்று இந்த முறை கை கூசாமல் எழுத முடிகிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். போனில்தான் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் தம்பி அறைக்குக் கேட்கும், அதுவும் அவனைப் பற்றிய பேச்சென்றால் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த இன்னும் நன்றாகக் கேட்கும். அதனால் மூக்குக் கண்ணாடிக் கடையிலேயே, சாப்பாட்டு நேரத்தில், ஃபிரேம்களை ஒதுக்கி வைத்துவிட்டு என் மேஜையில் எழுதுகிறேன். முதலாளி எட்டிப் பார்த்து, என்னம்மா ராஜினாமாவா என்றார். இல்லைங்க, பொண்ணுக்கு என்றேன். அப்ப ராஜினாமாவை விட நீளமா போகும் என்று சொல்லி மேஜை விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.

அச்சகத்தில் அந்தக் காகிதம் வெட்டும் இயந்திரம் தம்பியின் இடது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியையும் கொண்டுபோன பிறகு நீ ஓடி வந்து இருந்துவிட்டுப் போனாய். அப்போது நீ பார்த்த மாதிரியேதான் பல மாதம் இருந்தான். புண் ஆறிவிட்டது, ஆள் ஆறவில்லை. அச்சகத்தில் வேறு வேலை தருகிறோம், கணக்குப் பக்கம் உட்கார் என்றார்கள், போனான், வந்தான், பேச்சில்லை. கிட்டாரை யாரிடமோ கொடுத்துவிட்டான், யாரிடம் என்று கேட்டதற்கு, விரல் இருக்கிறவங்ககிட்ட என்றான், அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவனோடு டிரம்ஸ் வாசிக்கிற தோழனுக்கு நீ டமாரம் என்று பெயர் வைத்தாயே, அவன் வாரம் தவறாமல் வாசல் வரை வந்து திரும்பிப் போவான். நீ போன் செய்யும்போது, அக்கா லைன்ல இருக்காடா என்று நான் சொன்னால், தூங்குறேன்னு சொல்லும்மா என்று தம்பி கண்ணைத் திறந்துகொண்டே சொல்வான். நீ கோபித்துக்கொண்டது எனக்குத் தெரியும். கோபத்தை இத்தோடு இறக்கி வைத்துவிடு, மீதியைப் படி.

ஒரு நாள் கூரியரில் நீளமாக ஒரு அட்டைப் பெட்டி வந்தது. அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இஸ்திரி போடுற மேஜை வாங்கிட்டியா, சொல்லவே இல்லையே என்றார். பிரித்தால் உள்ளே வழவழப்பில்லாத வெறும் மரத்தில் கிட்டாரின் உடம்பு ஒன்று, தனியாகக் கழுத்து ஒன்று, பைபையாகத் திருகாணிகள், வண்ண வண்ண ஒயர்கள், காந்தக் கட்டைகள். எலெக்ட்ரிக் கிட்டாரை நாமே வீட்டில் பூட்டிக்கொள்கிற மாதிரி உதிரியாக விற்கிறார்களாம். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. விரல் போன பிறகு இதை வைத்து என்ன செய்யப் போகிறான் என்று அப்பாவைப் பார்த்தேன். அவனே அந்த உடம்பை எடுத்து மார்போடு அணைத்துக் காட்டினான். முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற கிட்டார் மாதிரி எல்லாம் இடம் வலம் மாறி இருந்தது. இடக்கைக்காரங்களுக்குச் செய்யிறதும்மா, இனிமே வலது கை கம்பியை அழுத்தும், இடது கை மீட்டினா போதும், அதுக்கு நுனி வேண்டாம் என்றான். பல வருஷம் பழகின கையை மாத்துறது லேசாடா என்று அப்பா கேட்டார். லேசில்லப்பா, அதான் கைக்கு ஏத்த மாதிரி நானே பண்ணிக்கிறேன் என்றான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவன் இவ்வளவு பேசினது அன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

அன்றோடு நம் சாப்பாட்டு மேஜை போயிற்று. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டோம். முதல் வேலை மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைசு, பிறகு அதைவிட நைசு, நடுவில் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் மரத்தின் மயிர் சிலிர்த்து நிற்கும், காய்ந்ததும் அதையும் தேய்த்து எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி கொடுக்கிற அம்மா, ரப்பர் பந்தை அமுக்கு என்று இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள், அந்தப் பந்தை இவன் தொட்டதே இல்லை. உப்புத்தாளை மட்டும் இடது கையிலேயே பிடித்துத் தேய்த்தான். அடுத்த முறை கையைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, பந்து நல்லா வேலை செய்யுது என்றாளாம். இவனும் ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். வீடு முழுக்க மாவு அரைத்த மாதிரி மரத்தூள், தும்மல்தான் எங்களுக்குப் பேச்சு. நிறம் என்ன என்பதில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. அப்பா அவர் ஓட்டுகிற பள்ளிக்கூட வேன் மாதிரி மஞ்சள் என்றார், தூரத்துல இருந்தே தெரியும் என்று காரணமும் சொன்னார். நான் கருநீலம் என்றேன். தம்பி யாருக்கும் பதில் சொல்லாமல் கருநீலம் வாங்கி வந்தான். அப்பா இன்னும் அதை மறக்கவில்லை.

நிறத்தில்தான் வந்தது வினை. வாரக்கணக்கில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மரத்தில் நீலத்தைத் துணியால் தேய்த்து ஏற்றினான், கடையில் லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணி நான்தான் கொடுத்தேன், அழகாகப் பிடித்தது, மர ரேகையெல்லாம் உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதன் மேல் பளபளப்புக்கு வார்னிஷ் ஸ்பிரே அடிக்க வேண்டும். காற்றில் ஈரம் இருக்கும்போது அடிக்கக் கூடாது, ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. இவனுக்குப் பொறுமை போதவில்லை. துணி காயப்போடுகிற பால்கனியில் தொங்கவிட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடித்துவிட்டான். காலையில் பார்த்தால் முன்பக்கம் முழுக்கக் கொப்புளம், ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வழிந்து உறைந்திருந்தது, நடுவில் பால் கொட்டின மாதிரி வெள்ளை படிந்திருந்தது. அவன் ஒன்றும் கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடி டேப் ஒட்டினான். இந்தக் கைக்கு இவ்வளவுதான்மா என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனான். கண்ணு, ஆஸ்பத்திரியில்கூட எனக்கு அப்படிப் பயம் வரவில்லை. கதவு சாத்தின சத்தம் அவ்வளவு மெதுவாக இருந்தது.

வெயில் வந்த முதல் விடுமுறை நாளில் உன் அப்பா செய்ததைக் கேள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியைப் பிரித்தார், கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தார், உப்புத்தாளை எடுத்துக் கரகரவென்று தேய்க்க ஆரம்பித்தார். வேன் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார். மர ரேகை போகிற போக்கிலேதான் தேய்க்க வேண்டும் என்று எனக்கே தெரிந்துவிட்டிருந்தது, வாயைத் திறக்கப் போனவளைக் கண்ணாலேயே அடக்கினார். கொஞ்ச நேரம்தான். அறைக் கதவு திறந்தது. அப்பா, குறுக்க தேய்க்காதீங்க என்றான். அப்ப எப்படித் தேய்க்கிறது என்று கேட்டுக்கொண்டே இவர் நிறுத்தாமல் தேய்க்கிறார். ஐயோ, குடுங்க இங்க என்று பிடுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். இவர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, அவன் மதியம் வரை தேய்த்தான். மரம் மறுபடி வெளியே வந்தது. நிஜமாகவே தெரியாமல்தான் தேய்த்தீர்களா என்று பிறகு இவரைக் கேட்டேன். எனக்கு வேன் ஓட்டத்தான் தெரியும் என்றார். நீயே தீர்ப்பு சொல்லிக்கொள்.

இரண்டாவது முறை ஸ்பிரேயே வேண்டாம் என்று, மறுபடி நீலம் ஏற்றி அதன் மேல் துணியில் எண்ணெய் தொட்டு மெல்லிசாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றினான். வார்னிஷ் மாதிரி பளபளப்பு இல்லை, நனைந்த கூழாங்கல் மாதிரி ஒரு மினுமினுப்பு, தொட்டால் கை எடுக்க மனசு வராது. ஓரத்தில் அப்பா குறுக்கே தேய்த்த கோடு ஒன்றிரண்டு இன்னும் தெரிகிறது, அதை எடுத்துவிடலாமே என்றதற்கு, இருக்கட்டும்மா என்றுவிட்டான். பிறகு ஒயர் வேலை. அதில்தான் உன் அம்மாவுக்கு வாழ்வு வந்தது. ஒயர் முனையை ஒருவர் அசையாமல் பிடித்தால்தான் இன்னொருவர் ஈயம் உருக்கி ஒட்ட முடியும். மூக்குக் கண்ணாடியின் கடுகுத் திருகாணியைப் பிடித்துப் பழகிய கை இல்லையா என்னுடையது, கடை இடுக்கியோடு உட்கார்ந்துவிட்டேன். அசையாதேம்மா என்று அவன் சொல்ல, நீ மூச்சு விடாதேடா என்று நான் சொல்ல, எல்லாம் ஒட்டி முடித்தோம். கழுத்தைப் பூட்டிக் கம்பிகளையும் மாட்டினான். ஆம்ப்ளிஃபையர் நம்மிடம் இல்லை. அவன் போனை எடுத்து டமாரத்தைத் தானே கூப்பிட்டான். அந்தப் பிள்ளை ஆம்ப்ளிஃபையரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்து மூச்சு வாங்க நின்றான், இத்தனை மாதம் ஏன் பேசவில்லை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, எங்க வைக்கட்டும் என்று மட்டும் கேட்டான்.

செருகினால் பாட்டு வரவில்லை, ஒரே இரைச்சல், தேனீக்கூட்டை உள்ளே அடைத்த மாதிரி. கம்பியைத் தொட்டால் அடங்குவதற்குப் பதில் இன்னும் கூடியது. டமாரம் காதைப் பொத்திக்கொண்டு, இது கிட்டாரா மிக்ஸியா என்றான். தம்பி சிரித்தான். கண்ணு, சத்தமாகச் சிரித்தான், நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மறுபடி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். செருகுகிற இடத்தில் இரண்டு ஒயரை நாங்கள் மாற்றி ஒட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். மாற்றினதும் இரைச்சல் போய் வீடு நிசப்தமாயிற்று. அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். நீண்டு போய்க்கொண்டே இருந்தது அந்த நாதம்.

இனிமேல் எல்லாம் சுகம் என்று நினைக்காதே. வாசிக்க ஆரம்பித்தால் கேட்கச் சகிக்கவில்லை, அவனே அப்படித்தான் சொல்கிறான். தலைக்குத் தெரிகிறது, வலது கைக்குத் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவனை மறுபடி பாலர் வகுப்பில் உட்கார வைத்த மாதிரி, பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற சுரக்கட்டுகளில் அதே மூன்றைப் பிடித்துப் பிடித்து விடுகிறான், விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிகிறது. இடது கைக்கு வேறு தொல்லை, கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்துக் கம்பியை மீட்டுகிற சின்ன பிளாஸ்டிக் வில்லை வழுக்கி வழுக்கி விழுந்தது. நான் கடையிலிருந்து மூக்குக் கண்ணாடிக்கு மூக்கில் பதிகிற மெத்தென்ற சிலிக்கான் பொட்டு இரண்டு கொண்டுவந்து வில்லையின் இரு பக்கமும் ஒட்டிக் கொடுத்தேன். இப்போது விழுவதில்லை. கிட்டாருக்கும் பார்வை மங்கிடுச்சா என்று அப்பா கேட்டார். மேல்வீட்டு டீச்சர் படியில் பார்த்து, இந்த மூணுக்கப்புறம் நாலாவது எப்ப வரும் என்றாள், அவள் குறை சொல்கிறாளா காத்திருக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டமாரமும் மற்றவர்களும் பயிற்சி செய்கிற ஷெட்டுக்குக் கிட்டாரை எடுத்துக்கொண்டு போனான். காலையிலிருந்து சட்டையை மாற்றி மாற்றிப் போட்டான், வாசல் வரை போய்த் திரும்பி வந்து தண்ணீர் குடித்தான். நானும் அப்பாவும் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். எப்படிடா இருந்துச்சு என்றேன். மோசமா வாசிச்சேம்மா, ரொம்ப மோசம் என்றான். காலைக் கழுவிவிட்டு வந்து, பசிக்குது என்று தட்டை எடுத்துக்கொண்டான், சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த வாரம் சீக்கிரமே வரச் சொல்லியிருக்காங்க என்றான்.

நீ இதைப் படித்ததும் வாசித்துக் காட்டு என்று அவனிடம் கேட்டுவிடாதே, பாராட்டவும் செய்யாதே, நான் எழுதினேன் என்பதே தெரிய வேண்டாம். மாப்பிள்ளையின் முதுகு வலிக்கு நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாரா. நீ சாப்பிடாமல் ஓடுகிற பழக்கத்தை விடு. உங்கள் இருவர் வீட்டிலும் மனதிலும் வெளிச்சம் குறையாமல் இருக்கட்டும் என்று நானும் அப்பாவும் தினமும் நினைத்துக்கொள்கிறோம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை பகலில் போன் செய்யாதே, தம்பி வீட்டில் இருக்க மாட்டான்.

உன் நினைவோடு,
அம்மா