பீமாவின் இடது காது

இன்று காலை காது மருந்துப் புட்டியைத் திறந்ததும் அந்த நெடி வந்துவிட்டது. புளித்த பழச்சாறும் ஆஸ்பத்திரியும் கலந்த மாதிரி. அதற்கு மேல் பீமாவின் இடது காதிலிருந்து வரும் நாற்றம். ஈரத்துணியை நாலு நாள் வாளியிலேயே விட்டுவிட்டால் வருமே, அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சேலையூர் வீட்டின் பின்பக்கம் முழுக்க இந்த இரண்டும்தான் இருக்கும். கூடவே உங்கள் சத்தமும். நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இன்று நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும், புருஷனை இழந்தவள் என்று என்னைச் சமாதானப்படுத்துவார்கள். எனக்கு அது வேண்டாம். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பீமாவைக் கொண்டுவந்தது நீங்கள்தான். கேம்ப் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டர் ஓரமாக, தெருநாயாகக் கிடந்தான். யாரோ கழுத்தில் நைலான் கயிற்றைக் கட்டி இழுத்திருந்தார்கள். இடது காது பாதி கிழிந்து உள்ளே புழு நெளிந்தது. ஆபீஸ் சட்டையோடு அவனை ஸ்கூட்டரில் முன்னால் போட்டுக்கொண்டு வந்தீர்கள். கால்நடை டாக்டரம்மா இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்தபோது அவன் போட்ட ஓலம் தாங்காமல் நான் வெளியே போய்விட்டேன். நீங்கள் கடைசிவரை அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். எலும்பும் தோலுமாக இருந்தவனுக்குப் பீமா என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். இதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் வரப்போவது மட்டும்தான் நீங்கள் என்று ஆகிவிடக் கூடாது.

காயம் ஆறியது. காது ஆறவில்லை. திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தது. வாரம் ஒரு முறை மருந்து விட்டு, காதின் அடியைப் பிசைந்து, பஞ்சால் துடைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லப்போனால் ஐந்து நிமிட வேலை. ஆனால் தலைக்குக் கிட்டத்தில் கை போனாலே அவனுக்குப் பல் வெளியே வந்துவிடும்.

"புடிச்சா விடக்கூடாது. விட்டா அடுத்த தடவை நம்மள மதிக்காது," என்பீர்கள்.

பழைய போர்வையை அவன் மேல் வீசுவீர்கள். முட்டியால் கழுத்தைத் தரையோடு அழுத்தி, என் துப்பட்டாவால் வாயைக் கட்டுவீர்கள். பின்னங்கால்களைப் பிடிப்பது என் வேலை. அவை என் கைக்குள் துடிக்கும். பயத்தில் சிறுநீர் போய்விடுவான். என் நைட்டி நனையும். அப்படியும் ஒரு நாள்கூட நான் பிடியைத் தளர்த்தியதில்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் இருந்தது எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை துப்பட்டா முடிச்சு அவிழ்ந்தது. உங்கள் வலது கையில், கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதையைக் கவ்வி உதறினான். நீங்கள் கத்தவில்லை. இடது கையால் அவன் தாடையில் குத்திக் கையை விடுவித்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்தீர்கள். பின்கதவு சாத்தியிருந்தது. அவனுக்குப் போக இடமில்லை. முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது தலையில். மூன்றாவதற்கு நான் குறுக்கே போனேன். அது என் முன்கையில் விழுந்தது. நிறுத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன். நான்காவது என் தோளில் விழுந்தது.

பிறகு ஹெல்மெட்டைக் கீழே போட்டீர்கள். தரையெல்லாம் ரத்தம். உங்களுடையது எது, அவனுடையது எது என்று தெரியவில்லை. என் குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"இன்னொரு தடவை கை ஓங்கினீங்கன்னா நானும் இவனும் இந்த வீட்ல இருக்க மாட்டோம்."

நீங்கள் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தாம்பரம் போய், தையலும் நாய்க்கடி ஊசியும் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அப்புறம் மூன்று பேரும் ஆட்டோவில் டாக்டரம்மாவிடம் போனோம். நான் ஒரு கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததால் பீமா உங்கள் மடியில் இருந்தான். மிருகங்களைப் பிடித்துக்கொள்ளும் உதவியாளர் ஒருவர் அங்கே இருப்பாரே, அவர் உங்கள் கைக்கட்டைப் பார்த்தார். பீமாவின் வீங்கிய கண்ணைப் பார்த்தார்.

"சார், அது உன்ன கடிச்சிகீது, தெரியுது. அத்த யாரு அட்ச்சது?"

"நான்தான்," என்றீர்கள்.

அவர் உங்கள் மடியிலிருந்து பீமாவைத் தூக்கி, தானே வைத்துக்கொண்டார். அவனைப் பார்த்து முடிக்கும்வரை உங்களிடம் திருப்பித் தரவே இல்லை. எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். உங்கள் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

என் கை நீலமாகிப் பிறகு மஞ்சளாகி மறைந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம், மாடிப்படியில் வழுக்கிவிட்டேன் என்று சொன்னேன்.

ஒரு மாதம் காதை மறந்துவிடுங்கள், உங்கள் கை வந்தால் ஒன்றும் ஆகாது என்று முதலில் அவனுக்குத் தெரியட்டும் என்றார் டாக்டரம்மா. மறுநாளிலிருந்து, ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் ஹாலில் தரையில் உட்கார்ந்தீர்கள், ஒரு அவித்த முட்டையோடு. பீமா கட்டிலுக்கடியிலிருந்து வரவில்லை. முட்டையை வைத்துவிட்டு எழுந்துபோனீர்கள். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. பிறகு அவன் தலை மட்டும் வெளியே வந்தது. பிறகு முன்னங்கால்கள். அவன் தோளில் ஒரே ஒரு விரலை வைத்து எடுப்பீர்கள். உடனே முட்டை. அவ்வளவுதான் அன்றைய வேலை.

நடுவில் ஒரு நாள் குக்கர் விசில் அடித்தது. அவன் மிரண்டு உங்கள் மணிக்கட்டைக் கவ்விவிட்டான். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். உங்கள் இன்னொரு கை மேலே போனது. எந்தப் பையை எடுப்பது, எந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போவது என்று அதற்குள் நான் யோசித்து முடித்துவிட்டேன். கை மேலேயே நின்றது. அப்புறம் அதை இறக்கி, உங்கள் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டீர்கள். மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டியது. "ஒண்ணுமில்ல, நீ உள்ள போ," என்றீர்கள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பீமா உங்கள் முட்டியில் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான். ரகசியக் குரலில் என்னைக் கூப்பிட்டீர்கள். பஞ்சில் வந்த கறுப்பு அழுக்கை எனக்குத் தூக்கிக் காட்டினீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "உன் கை இன்னும் வலிக்குதா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். மழைக்காலத்தில் வலித்தது. தெரிந்துதான் நான்காவது முறை அடித்தீர்களா என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அவன் காது உங்கள் கைக்கு மட்டும்தான். ஸ்டேஷனுக்குக் கிளம்பிய ஒரு காலையில் வாசல் கேட்டைப் பிடித்தபடியே சரிந்து நீங்கள் போய்விட்டபோது, அவனைத் தொட ஆள் இல்லாமல் போயிற்று. டாக்டரம்மா இரண்டு முறை மயக்க ஊசி போட்டுச் சுத்தம் செய்தார். வயதாகிறது, இனி அடிக்கடி மயக்கம் கொடுக்க முடியாது, நீங்களே பழக்குங்கள் என்று என்னிடம் சொன்னார்.

இன்று காலை அவசரப்பட்டேன். முட்டையைக் காட்டினேன், அவன் தின்பதற்குள் காதைப் பிடித்தேன். உள்ளங்கையில் பல் இறங்கிவிட்டது. குழாயடியில் இருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்து அவன் தலையில் அடித்தேன். அது வலியில் என்று வைத்துக்கொள்ளலாம். உடனே இன்னொன்று அடித்தேன். அது வலியில் இல்லை. அடிக்க வேண்டும் என்று அடித்தேன். என்னைத் தனியாக விட்டுப் போன உங்களுக்கும் சேர்த்து விழுந்த அடி அது. அடித்தபோது உடம்புக்கு இதமாக இருந்தது என்பதை யாரிடம் சொல்வேன்? குறுக்கே வர வீட்டில் ஆளில்லை. மூன்றாவது முறை ஓங்கியபோது அவன் ஓடவில்லை, உறுமவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தரையோடு ஒட்டிக் கிடந்தான். அப்போதுதான் சொம்பை வைத்தேன்.

உடனே டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். நான்தான் அடித்தேன் என்று, அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். அவனுக்குப் புருவத்தில் மூன்று தையல். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கைக்கும் ஊசி போட்டாகிவிட்டது.

உங்கள் கோபம் உங்களோடு போய்விட்டது, நான் அதிலிருந்து தப்பித்துவிட்டேன் என்றே இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. அடிக்கிறவருக்குத் தெரியும். உங்களை நான் முழுக்க மன்னித்ததில்லை, இன்றும் இல்லை. ஆனால் அதே கை என்னிடமும் இருக்கிறது. ஐந்து மாதம் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பழக்கிய ஒருவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதும் இருக்கிறது. நீங்கள் எனக்கு விட்டுப்போனதில் இப்போது என் உதவிக்கு வருவது அது ஒன்றுதான்.

பீமா கட்டிலுக்கடியில் இருக்கிறான். நான் இங்கே தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிண்ணத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்துவிட்டு நான் நகர்ந்து உட்கார வேண்டும். நான் தள்ளிப் போனால்தான் அவன் குடிப்பான்.