பதினாலாம் நம்பர் ஆண் செடி

இன்று வேலை முடிந்து லண்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். புடவை, நெற்றியில் பொட்டு, கோட்டில் கஞ்சா வாசனை. பாவம், அவர் என்னதான் நினைப்பார்? உம்மிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் நீர் போய் எட்டு மாதமாகிறது என்பது உறைத்தது.

என்னை நீர் 'நீர்' என்று முதலில் கூப்பிட்டபோது கோபம் வந்தது. கோயம்புத்தூரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்தில் சிநேகிதிகள் அப்படித்தான் என்றீர். இப்போது எனக்கே அது ஒட்டிக்கொண்டது.

உரிமம் வாங்கி மருந்துக்காகக் கஞ்சா வளர்க்கும் அந்தக் கண்ணாடிக் கூடத்தில் ஐந்து வருடமாக நாம் தேடியது ஒரே ஒரு செடியை. மருந்துச் சத்து கூடிக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வலிப்புள்ள பிள்ளைகளுக்கு மருந்தாகாது. சீக்கிரம் பூக்க வேண்டும். லண்டன் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கக் கூடாது. மூன்றும் ஒன்றில் சேரவே இல்லை. சத்துள்ளது அழுகியது, அழுகாதது பூக்க மாதக்கணக்கில் இழுத்தது.

பதினாலாம் நம்பர் ஆண் செடி நோஞ்சானாக வளைந்து நின்றது. தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. கழிக்கச் சொன்னேன்.

"ஆம்பிளைச் செடியில மருந்துப் பூவே வராது. பிறகு என்னத்தைப் பாத்துக் கழிக்கிறீர்? அதின்ர பிள்ளையளைப் பாத்தெல்லோ சொல்லோணும்" என்றீர்.

"இடமில்ல. எடுத்துடலாம்" என்றேன்.

நீர் வாதாடவில்லை. பிடுங்கி, எடை பார்த்து, பதிவேட்டில் எழுதி நீட்டினீர். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "பதினாலு எப்பிடி?" என்று கேட்டீர். மயக்கத்தில் பேசுகிறீர் என்று நினைத்து, "அதை அன்னிக்கே எடுத்துட்டோமே" என்றேன்.

"ஓம், ஓம். ஆறுதலாப் பாரும், அவசரமில்லை" என்று கண்ணை மூடிக்கொண்டீர்.

நீர் போன பிறகு ஒருநாள் பதிவேட்டைப் புரட்டினேன். 'பதினாலு, ஆண். கழிக்க முன் மகரந்தம் எடுத்து ஃப்ரீஸரில் வைத்தது.' கீழே என் கையெழுத்து. விரலளவு குப்பி, நீர் எழுதிய இடத்திலேயே இருந்தது. அழுதேன், கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் அதையும் கொட்டச் சொல்லியிருப்பேன், அது உமக்குத் தெரியும்.

அந்தத் தூளைச் சத்துள்ள செடிகளில் தூவினேன். பிறந்த மகள்களில் பெரும்பாலானவை சுமார்தான். ஒன்று மட்டும் இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. மற்றவற்றுக்கு முன்னால் பூத்தது. இந்த நவம்பர் ஈரத்தில் ஒரு பூவும் அழுகவில்லை. பரிசோதனையில் சத்தும் சரியாக வந்திருக்கிறது. நான் செய்தது பிழை. உம் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு செடியை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. அதன் பிள்ளைகளும் இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்க வேண்டும். எல்லோரும் அவசரப்படுகிறார்கள், நான்தான் பொறுக்கச் சொல்கிறேன். எனக்குப் பொறுமையே கிடையாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இப்போது கொஞ்சம் இருக்கிறது. அது உம்மிடமிருந்து வந்தது.