லீக்ஸ் பாத்தியில் காய்த்த கோப்பி

ராகலை
06.10.2024

அன்புள்ள ஜீவராணிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் புருஷனும் பெண்சாதியும் இரண்டாவது நிமிடமே சண்டை பிடிக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் நீ நட்டு வளர்த்த ஒன்பது கோப்பி மரங்களையும் விற்பதற்கு லீக்ஸ் மரக்கறி போடுவதற்காக உன்னைக் கேட்காமல் வெட்டினேன். ஆறு மாதத்தில் நீ கட்டாருக்குப் போய்விட்டாய். இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீ போன பிறகு ஆறு கட்டைகள் தளிர்த்தன. அவற்றில் நான் கை வைக்கவில்லை. இந்த வருடம் பாத்தி நடுவே சிவக்கச் சிவக்கப் பழுத்து நிற்கின்றன. பறிக்கப் பயம், விடவும் மனமில்லை. நீதான் கோப்பிக் கடையில் வேலை செய்கிறாயே, என்ன செய்யட்டும்?

ஜனவரியில் உன் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறாயா? கேட்டேவிட்டேன்.

உன்
தவக்குமார்


தோஹா
24.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். உங்கள் கடிதத்தைக் குளியலறைக்குள் போய் இரண்டு தரம் வாசித்தேன். ஒப்பந்தத்தைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தேன் முறைக் கோப்பி என்று ஒன்று எங்கள் கடைக்கு வரும். அதில் தேன் சேர்ப்பதில்லை. நன்றாகப் பழுத்ததன் தோலை மட்டும் உரித்து, கொட்டையில் ஒட்டியிருக்கும் பிசுபிசுப்பைக் கழுவாமல் அப்படியே காய வைப்பார்கள். அந்த இனிப்பெல்லாம் கொட்டைக்குள் இறங்கிவிடும். முதல் தடவை குடித்தபோது கோப்பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். கோப்பிக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.

ஜீவராணி


ராகலை
15.12.2024

அன்புள்ள ஜீவராணிக்கு,

முதல் தரம் பறித்தது பாழாய்ப் போனது. இருபது வருடம் தேயிலை ஸ்டோரில் அரைத்த கொழுந்தைக் குவித்து நொதிக்க வைத்த கை இது. உன் கோப்பியையும் குவித்து ஈரச் சாக்கால் மூடிவிட்டேன். இரண்டாம் நாள் திறந்தால் காடி வாடை.

அம்மா பார்த்துவிட்டு, "மரத்தையும் கேக்காம வெட்டுன, இதையும் கேக்காம மூடுன. எப்பத்தான்டா கேப்ப?" என்றார்.

பிறகு மிச்சப் பழத்தைப் பறித்து உரித்து, வலை கட்டி ஒற்றை அடுக்காகப் பரப்பினேன். லீவு போட்டுவிட்டு மணிக்கொரு தரம் கிண்டினேன். மழை வந்தால் இழுத்து மூடி, விட்டதும் திறந்து, இருபத்திரண்டு நாள். வெள்ளையாக இருந்தது மெல்ல மெல்லப் பொன்னிறமாகிக் கடைசியில் செம்பு நிறத்துக்கு வந்தது. எங்கிருந்தோ தேனீக்கள் வந்து வலையில் உட்கார்ந்தன. நான் கிண்டுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் அன்றைக்குக் கேட்காமல் வெட்டினேன். அது என் தப்பு.

உரலில் மெதுவாக இடித்துப் புடைத்த கொட்டை அரைக் கிலோ இருக்கிறது. அடுத்த லயத்துச் சின்னராசா லீவு முடிந்து அங்கே வருகிறான், கொடுத்து விடுகிறேன்.

தவக்குமார்


தோஹா
09.01.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சின்னராசா கொண்டுவந்து தந்தார். கடை அடுப்பில் நானே வறுத்தேன். கடுதாசி வடியில் அரைத்த தூளைப் போட்டு, கொதி அடங்கிய நீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றினேன். தூள் ஊதி எழும்பியபோதே வாசத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சீனி போடவில்லை. சூடாக இருக்கையில் கித்துல் பனைப் பாணியின் ருசி, கொஞ்சம் ஆறியதும் தோடம்பழப் புளிப்பு, நன்றாக ஆறிய பிறகு சுத்தமான தேன். ஒரே கோப்பை, மச்சான். நீங்கள் கோடாலி வைத்த மரம் இதையா தந்தது? கூட வேலை செய்யும் நேபாளப் பெண் இரண்டு மிடறு குடித்துவிட்டு எந்த நாட்டுத் தோட்டம் என்று கேட்டாள். எங்கள் லயத்தின் பின்பக்கம் என்றேன். அவள் நம்பவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. பெப்ரவரி நான்காம் திகதி வருகிறேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று கட்டைகள் தளிர்க்கவே இல்லை, அதை நான் மறக்கவில்லை. லீக்ஸ் போனால் போகட்டும். அந்த மூன்று இடத்திலும் குழி தோண்டி வையுங்கள். கன்றை நான் வந்து நடுகிறேன்.

உங்கள்
ஜீவராணி