கறிச்சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் கஹோர்

என் அன்பு அம்மணிக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. சிங்காநல்லூர் வீடு அப்படியேதான் இருக்கிறது. முருங்கை காய்க்கிறது, மிக்சி கத்துகிறது, நான் சட்னிக்கு உப்புப் போட மறக்கிறேன். நேற்று உனக்குப் படையல் வைத்தோம். அப்போது நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

துலூஸிலிருந்து மகன் வந்தான், கையில் ஒரு பாட்டில் கஹோரோடு. நாம் அவனைப் பார்க்கப் போனபோது நீ முதன்முதலாகக் குடித்துப் பார்த்த அதே பிரெஞ்சு வைன். சிவப்பு என்று பேர்தான். ஊற்றினால் நாவல்பழச் சாறு போலக் கறுத்திருக்கும். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏனுங்க, கொட்டப்பாக்கு மென்னாப்பல நாக்கப் புடிக்குதுங்க" என்றாய். முகம் சுளிப்பாய் என்று பார்த்தால், இன்னொரு வாய் கேட்டாய்!

இங்கே வந்தபின் நீ பண்ணிய ஆராய்ச்சி கொஞ்சமா? முதலில் பள்ளிபாளையம் சிக்கனோடு குடித்தோம். மிளகாயும் அந்தத் துவர்ப்பும் ஒன்றையொன்று கிளப்பிவிட்டு வாயெல்லாம் எரிந்தது. நான் தயிர்ச் சட்டியைத் தூக்கிக் குடித்தேன். நீ விடவில்லை. கொழுப்புள்ள ஆட்டுக்கறியை வாங்கிவரச் சொல்லி, மிளகாயைக் குறைத்து, மிளகும் சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு வறுத்தாய். அந்தக் கொழுப்பில் துவர்ப்பு அடங்கிப்போனது, கறிக்கும் ருசி கூடியது. காளான் சேரும், மீன் ஆகவே ஆகாது என்று கண்டுபிடித்ததும் நீதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை டம்ளர். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

இவ்வளவு ஆசையாய் நீ வைத்திருந்ததை நான்தான் கெடுத்தேன். தீபாவளி நோம்பிக்குக் கோபியிலிருந்து வந்த என் அக்கா, அலமாரியில் பாட்டிலைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். நீ வாயைத் திறக்குமுன், "இருமல் மருந்துக்கா" என்று சொல்லிப்போட்டேன். பொம்பளை குடிக்கிறாள் என்று சொந்தபந்தம் பேசுமே என்ற பயம் எனக்கு. அதற்கப்புறம் வீட்டில் ஆள் இருக்கும்போது நீ அதை வெளியே எடுக்கவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா? ஏன் கேட்கவில்லை, அம்மணி?

நேற்று இலையில் சோறும் உன் பக்குவத்தில் ஆட்டுக்கறி வறுவலும் வைத்தேன். பக்கத்தில் கஹோர் வைத்தே தீருவது என்று முடிவு பண்ணியிருந்தேன். ஆனால் பழைய புத்தி போகுமா? எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, மேலே ஒரு மூடியும் போட்டேன். அக்கா நேராக வந்து அந்த மூடியைத்தான் எடுத்தாள்.

"ஏம்ப்பா தம்பி, இதென்னப்பா?"

வந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருமல் மருந்து என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன் படத்தைப் பார்த்தேன்.

"வைனுக்கா. அவளுக்கு ரொம்பப் புடிக்கும். அன்னைக்கு நான் சொன்னது பொய்யி."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? மூடி எதுக்குப் போட்டு வெச்சிருக்கறே? கொஞ்ச நேரம் காத்தாட உட்டாத்தான் ருசின்னு அவ சொல்லுவாளே!"

அக்காவே மேலே சொன்னாள்: "அன்னைக்கு நீ கறிக்கடைக்குப் போனதும், எனக்குங்கூட இருமலா இருக்குது அம்மணின்னேன். சிரிச்சுப்போட்டு எனக்கும் ஒரு வாய் ஊத்துனா. தங்கமான புள்ளைப்பா." சொல்லும்போதே அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அடிப்பாவி! இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னை இத்தனை நாள் முட்டாளாக்கி வைத்திருந்தீர்களா? சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன். உன்னை யாரிடமிருந்து மறைத்தேன் நான்?

அடுத்த வருஷம் ஒரு மணி நேரம் முன்னாலேயே ஊற்றி, மூடாமல் வைப்பேன். யார் கேட்டாலும், "எம்பொண்டாட்டிக்குப் புடிச்சதுங்க" என்று சத்தமாகச் சொல்வேன். இது சத்தியம். அக்காவுக்கும் ஒரு டம்ளர் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அவளுக்கு அந்த இருமல் இன்னும் நிற்கவில்லையாம்.

இப்படிக்கு,
உன் ஊட்டுக்காரன்