பெருந்துறையிலிருந்து திரும்பி வரும் கார்டு

9-6-97, திங்கள்

பெருந்துறை சைசிங் மில்லுக்குக் கொடுத்த, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவ் கார்டு இன்று இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தது. பஸ் பார்சலில், பழைய பனியன் துணி சுற்றி. போன் போட்டால் மில் முதலாளி கிருபாசங்கர், "அண்ணா, ஸ்டீம் ஏறுனா மோட்டார் ஸ்பீடு கூத்தாடுதுங்க. கஞ்சி போடற பாவு நூல் பூரா அந்து போவுது" என்கிறார். காலையில் குளிர்ந்த மிஷினில் போட்டால் ஓடுமாம். ஸ்டீம் திறந்து கொஞ்ச நேரத்தில் ஆடுமாம். கார்டு என்ன ஷிப்டு பார்த்தா வேலை செய்யும்?

10-6-97

கோட்டைமேடு போனேன். என் கார்டுகளைப் பழுது பார்ப்பது ரசாக் பாய்தான். எது வந்தாலும் முதலில் தின்னர் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கையில் எடுப்பார். இதையும் கழுவினார், காய வைத்தார், சின்ன மோட்டாரும் வேக மீட்டரும் மாட்டி ஓட்டினார். வேகம் ஒரே சீர். முள் அசையவில்லை.

"கார்டு தங்கமாட்ட இருக்குதுங்ணா. மில்லப் பாக்கச் சொல்லுங்க."

மில்லில் சொன்னால் "கார்டப் பாருங்க" என்பார்கள். நடுவில் நான் ஒருத்தன்.

இந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. மூடின மில் ஏலத்தில் மொத்தமாக எடுத்து, கணபதியில் இருக்கும் என் கடையில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருப்பவன் நான் மட்டும்தான். இவர் ஒருத்தர் "மருதாசலம் கார்டு ஆகாது" என்று புது டிரைவுக்கு மாறினால் பெருந்துறை எஸ்டேட் முழுக்கப் பேச்சாகிவிடும். அப்புறம் அலமாரியோடு கிலோ கணக்கில் போட வேண்டியதுதான்.

12-6-97

வேறு கார்டு அனுப்பினேன். மதியமே போன். அதுவும் ஆடுகிறதாம்.

14-6-97, சனி

மில் எலெக்ட்ரீஷியன் நரசிம்மலு மோட்டாரின் கார்பன் பிரஷ் மாற்றிவிட்டார். வேகத்தை அளக்கிற டேக்கோவை மாற்றிவிட்டார். ஒயர் கூடப் புதுசு. இதற்கு மேல் அந்த மனுஷனை என்ன கேட்பது?

திரும்பி வந்த கார்டை ரசாக்கிடம் எடுத்துப் போனேன். வழக்கம்போலக் கழுவல். வழக்கம்போலப் பழுதில்லை. அந்த நேரம் பார்த்து கிருபாசங்கர் அங்கேயே போனில் கூப்பிட்டார். புது டிரைவ் விற்கிறவன் கொட்டேஷனோடு வந்து உட்கார்ந்திருக்கிறானாம். "பொதன் வரைக்கும் பாப்பேனுங்க. அதுக்கு மேல பார்ட்டி நூல் கேட்டு ஊட்டுக்கே வந்துருவாங்க."

போனை வைத்த சூட்டில், "பழுது கண்ணுக்குத் தெரியலீன்னா கண்ணாடிய மாத்துங்க பாய்" என்று சொல்லிப்போட்டேன்.

ரசாக் சால்டரிங் அயர்னை அணைத்தார். "வேற ஆளப் பாத்துக்குங்க மருதாசலண்ணா." டீ வந்திருந்தது. என்னைக் குடிக்கச் சொல்லவில்லை.

15-6-97

கடை லீவு. எரிச்சலுக்கு லீவு இல்லை.

17-6-97, செவ்வாய்

கார்டை மடியில் வைத்துக்கொண்டு நானே பெருந்துறை பஸ் ஏறினேன். அலமாரியிலேயே நல்ல கார்டாகப் பார்த்து எடுத்தது. நானே மாட்டி, நானே ஸ்விட்ச் போடுவது என்று முடிவு.

பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். "ஒரு நிமிசமுங்ணா, அம்மா வந்துரட்டும்" என்கிறார் கிருபாசங்கர். சென்னியம்மாள் தட்டோடு வந்தார். மில்லில் புதிதாக எது நுழைந்தாலும் அவர் கையால் பொட்டு வைத்த பிறகுதான் ஓடும். கார்டை வாங்கினார். மேல்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி சாமான்கள், விரல் வைக்க இடமில்லை. திருப்பினார். ஈயம் வைத்த பக்கம் நல்ல சமதளம். தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனம் மூன்று இடத்தில், ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். நானும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன். என் கடைத் தராசுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வைக்கிறவன்தானே.

ஓடியது. ஸ்டீம் திறந்தார்கள், மில் ஷெட் முழுக்கப் புழுக்கம். கொஞ்ச நேரத்தில் முள் ஆட ஆரம்பித்தது. நிறுத்தி, கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினேன். காய்ந்திருந்த சந்தனம் ஸ்டீம் ஈரத்தில் நசநசவென்று ஊறி, நடுப்பொட்டு இரண்டு ஈயக் கோட்டுக்கும் பாலம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது. வேட்டி முனையால் துடைத்து, ஊதிக் காய வைத்து மாட்டினேன். ஸ்டீம் அப்படியேதான் இருந்தது. முள் அசையவில்லை.

அந்த அம்மா பொட்டு வைத்து அனுப்புகிறார், ரசாக் கழுவிவிட்டுப் பார்க்கிறார். அப்புறம் பழுது எங்கே கிடைக்கும்? பஸ்ஸில் வரும்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

18-6-97, புதன்

காலையிலேயே மறுபடி பெருந்துறை. நேற்றே கிருபாசங்கரிடம் விஷயத்தைச் சொன்னதற்கு, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்ணா" என்று நழுவிவிட்டார்.

"பொட்டு வெக்காம மிசின ஓட்டறதா? தாலி கட்டாம குடித்தனம் பண்ணுங்கற மாதிரி இருக்குது தம்பி" என்றார் அம்மா.

"வெய்யுங்கம்மா. வேண்டாங்கல. பேனல் கதவு மேல, வெளிப்பக்கம் வெய்யுங்க. பொண்ணுக்கு நெத்தியிலதானுங்க பொட்டு வெப்பீங்க, வயித்துக்குள்ளயா வெப்பீங்க?"

அம்மா சிரிக்கவில்லை. நரசிம்மலு சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி. பொட்டில்லாம கெட்டுப்போச்சுன்னா?"

"கார்ட நான் எடுத்துக்கறேன், பணத்த வெச்சுட்டுப் போறேனுங்க."

"பொங்கல் வரைக்கும்?"

பொங்கல் வரைக்கும் என்று ஒத்துக்கொண்டேன். இந்த அம்மாவே மில்லை நடத்தியிருந்தால் நான் என்றோ கடையை மூடியிருப்பேன். புது டிரைவ்காரனை அடுத்த வருடம் வரச் சொல்லிவிட்டார்கள். கைவசம் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு கார்டு கேட்டார்கள். அதே விலை.

20-6-97

ஸ்டீமில் ஓடுகிறது. போன் இல்லை. போன் இல்லாததே பெரிய சமாச்சாரம்.

21-6-97, சனி

கோட்டைமேடு போனேன். ரசாக் தலை நிமிரவில்லை. சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். அயர்ன் அப்படியே நின்றது.

"இருந்துச்சுங்ணா. மூணு தடவையும் செவப்பாத்தான் இருந்துச்சு. இந்தூரு மில்லுல பொட்டில்லாத சாமான நான் பாத்ததே இல்லீங்களே. அழுக்கோட அழுக்காக் கழுவிப்போட்டேன்."

அயர்னை ஸ்டாண்டில் வைத்தார். பிறகு அவரே எதிர்க் கடைக்கு இரண்டு விரலைக் காட்டினார். டீ வந்தது.

பேசி முடித்தது: வருகிற கார்டை இரண்டு பேரும் பார்த்த பிறகுதான் தின்னர். கூலி கார்டுக்கு நூற்றிருபதாக இருந்தது, இனி நூற்றைம்பது. அவர் கேட்கவில்லை.